காந்தக் குழாய்க்கு வெளியே நின்றவனுக்கு

இன்று காலை எங்கள் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டி கழுவ இரண்டு பேர் வந்தார்கள். தரையில் பதித்திருக்கும் இரும்பு மூடியைத் தூக்கியதும் பாசியும் துருவும் கலந்த வாடை மாடிப்படி வரைக்கும் ஏறி வந்தது. ஒருவர் வாளியும் துடைப்பமுமாக உள்ளே இறங்கினார். மற்றவர் வெளியே நின்று கைபேசியில் யாரோ நடனமாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பால்கனியிலிருந்து கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பொறுக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கீழே போய், தொட்டியின் வாய்க்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"சார், தண்ணி தெறிக்கும்" என்றார் கைபேசிக்காரர்.

தெறிக்கட்டும் என்றேன்.

உள்ளே இருந்தவர் அண்ணாந்து பார்த்து, "இன்னா சார், ஒழுங்கா கழுவுறோமான்னு செக்கிங்கா?" என்று கேட்டார். என்னைக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் என்று நினைத்திருப்பார். நான் மறுக்கவில்லை. வேலை நடக்கும் இடத்துக்கு எங்கள் செயலாளர் வந்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை. அந்தப் பெயர் அவருக்கு ஒரு நாளாவது கிடைக்கட்டும்.

அவர் மேலே ஏறிவரும் வரை அங்கேயே இருந்தேன். அந்த வாடைதான் உன்னைக் கூட்டிவந்தது. உன் டிரம்மும் இப்படித்தான் நாறும்.

திருவொற்றியூரில் நாம் இருவரும் வேலை பார்த்த பட்டறை கொதிகலன்களைப் பழுது பார்க்கும் இடம். நான் டைம் ஆபீஸில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, யார் எப்போது வந்தார்கள் என்று எழுதினேன். நீ வந்ததும் டிரம்முக்குள் போனாய். டிரம் என்றால் ஆள் படுத்து ஊர்ந்து போகிற அளவுள்ள நீண்ட இரும்பு உருளை. அதன் முனையில் தோள் நுழைய ஒரு துவாரம், அவ்வளவுதான் வாசல். ஒருவன் உள்ளே போய் ஒட்டு வைத்த இடங்களைக் கிரைண்டரால் தேய்ப்பான். இன்னொருவன் வெளியே நிற்பான். உள்ளே இருப்பவனின் கணுக்காலில் கட்டிய கயிற்றின் மறுமுனை வெளியே நிற்பவன் கையில் இருக்கும். உள்ளே கிளம்பும் சத்தத்தில் குரல் எதற்கும் உதவாது. கயிறுதான் பேச்சு. வெளியிலிருந்து ஒரு இழுப்பு இழுத்தால், 'இருக்கியா?' உள்ளிருந்து ஒரு இழுப்பு வந்தால், 'இருக்கேன்.'

பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டபோது நீ சொன்னதை நான் ஆபீஸ் சன்னலிலிருந்து கேட்டேன். "ரெண்டு வாட்டி கேளு. பதில் வர்லியா, யோசிக்காத, ஆள வெளிய இஸ்துடு. கோச்சிக்கினா வெளிய வந்து கோச்சிக்கட்டும்."

உள்ளே போகும் முறையும் உனக்கு வந்தது, வெளியே நிற்கும் முறையும் வந்தது. வெளியே நிற்கும்போது உன்னிடம் யாரும் எதுவும் பேச முடியாது. ஒருமுறை மேனேஜரே வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நீ திரும்பாமலே, "கவுறு கீது கையில" என்றாய். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தான் அங்கே வரவேயில்லை என்பது போலப் போய்விட்டார்.

உன் இரங்கல் கூட்டத்தில் ஒருவர் உன்னை அடக்கமானவர் என்று பேசினார். வேறு யாருக்கோ தயாரித்த உரை மாறி வந்துவிட்டது என்று நினைக்கிறேன். உனக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் இல்லை. அவற்றில் பெரும்பாலானவை தவறு. அதனால் உன் உற்சாகம் குறைந்ததில்லை. மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, இனி வடசென்னையில் மீன்குழம்புக்கு உப்பு வாங்க வேண்டாம் என்று அறிவித்தாய். தேர்தலில் யார் ஜெயிப்பார்கள் என்று நீ சொன்னால், தோற்பவர் பெயர் முன்கூட்டியே தெரிந்த நிம்மதி எங்களுக்கு.

நான் தொழிற்சங்கத்தின் சுவர்ப் பத்திரிகையில் கேலிக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தேன். டிரம் வேலை பற்றி ஒன்று எழுத நினைத்து உன்னைக் கேட்டேன். "உள்ள போய்ப் பாரு ரைட்டரே. சும்மா பூந்து வா" என்றாய். வேலை நடக்காத ஒரு பகலில் என் காலில் கயிற்றைக் கட்டினாய். நான் இடுப்பு வரைக்கும் போனேன். இரும்பு என் மூக்குக்கு முன்னால் இருந்தது. என் மூச்சே திரும்பி என் முகத்தில் பட்டது. அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை. நான் பலிகொடுக்கப் போகும் ஆடு மாதிரி கத்தியதாகப் பட்டறை முழுவதும் பேசிக்கொண்டது. நீ மட்டும் பேசவில்லை. கயிற்றை இழுத்து என்னை வெளியே எடுத்து, தண்ணீர் கொடுத்து, "எல்லார்க்கும் முடியாது. அவ்ளோதான்" என்றாய். அந்தக் கட்டுரையை நான் எழுதவேயில்லை.

பட்டறை மூடியபிறகு நான் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தேன். அப்போதும் நாம் தினமும் டீக்கடையில் சந்தித்தோம். இரண்டாயிரங்களின் நடுவில் என் இதயம் வேறு மாதிரி நடந்துகொள்ளத் தொடங்கியது. எண்ணூர் சாலையில் பஸ் வருவது போல அது அடித்தது. நெடுநேரம் ஒன்றும் வராது, பிறகு மூன்று சேர்ந்து வரும். மாத்திரைகள் கொடுத்தார்கள். மாத்திரைகளோடு சேர்த்து அடித்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஒருநாள் காலையில் சரோஜாவிடம் காப்பி கேட்க வாயைத் திறந்தேன். காப்பி என்ற சொல் இல்லை. டம்ளரைக் காட்டினேன், டம்ளர் என்ற சொல்லும் இல்லை. என் மனைவியின் முகம் தெரிகிறது, அவள் பெயர் தெரியவில்லை. அரைமணி நேரத்தில் எல்லாம் திரும்பிவிட்டன. எங்கள் திருமண வாழ்வின் அமைதியான அரைமணி நேரம் அதுதான் என்று அவள் பிறகு சொன்னாள். சொல்லிவிட்டு, தன் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

டாக்டர் நிதானமானவர். தாறுமாறாக அடிக்கும் இதயத்துக்குள் இரத்தம் தேங்கிக் கட்டியாகி, ஒரு சிறு துணுக்கு மூளைக்குப் போய்வந்திருக்கிறது என்றார். இந்த முறை சொற்கள் திரும்பிவிட்டன. அடுத்த முறை திரும்பும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். எழுதிப் பிழைக்கும் ஒருவனிடம் இதைவிடப் பதமாகச் சொல்ல வழியில்லை. இரத்தத்தை இளக்கும் மருந்து ஒரு காவல்தான், ஆட்டத்தையே நிறுத்தப் பார்ப்போம் என்று மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு இதயம் வரைந்தார். பலாப்பழம் போல இருந்தது. இதயத்தின் இடது மேல் அறைக்குப் பின்னால் நுரையீரலிலிருந்து குழாய்கள் வந்து சேருகின்றன. அந்தக் குழாய்களின் வாயில்தான் கலாட்டா தொடங்குகிறது. தொடை வழியாக ஒரு மெல்லிய கம்பியை இதயம் வரைக்கும் கொண்டுபோய், அந்த வாய்களைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகச் சுட்டுவிட்டால், சுட்ட இடத்தைத் தாண்டி, கலாட்டா செய்யும் மின்சாரம் போகாது. கலாட்டா வெளியே நின்றுவிடும். இதற்கு அப்லேஷன் என்று பெயர்.

"பொதுவா நாலு குழாய். ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. இடம் தப்பிச் சுட்டா குழாய் சுருங்கிடும். பின்னாலயே உணவுக்குழாய் வேற இருக்கு. அதனால முதல்ல எனக்குப் படம் வேணும். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டு, அதுமேலதான் கம்பியை நகர்த்துவேன். படம் இல்லாம உள்ள போகமாட்டேன்" என்றார்.

சி.டி. ஸ்கேனுக்குப் போடும் மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது. முன்பு ஒருமுறை போட்டு, முகம் பூசணிக்காயாகி, தொண்டை அடைத்துப் பிழைத்தவன் நான். மிச்சம் இருந்தது எம்.ஆர்.ஐ. ஒரு பெரிய காந்தக் குழாய்க்குள் படுக்க வேண்டும். மூச்சை நிறுத்தச் சொல்லும்போதெல்லாம் நிறுத்த வேண்டும். அதனால் மயக்கமும் தரமுடியாது. முழு நினைவோடு, குழாய்க்குள்ளே, மூக்குக்கு முன்னால் சுவர்.

முதல் தடவை தலை உள்ளே போனதுமே கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்திவிட்டேன். அழுத்தினால் வெளியே எடுத்துவிடுவார்கள். இரண்டாம் தடவை கண்ணைக் கட்டிக்கொண்டு போனேன். கண்ணைக் கட்டிக்கொண்டே வெளியே வந்தேன். ஸ்கேன் அறையைப் பார்த்துக்கொண்ட பெண், "வேற நாள் வாங்க அண்ணாச்சி" என்று மரியாதையாகத்தான் சொன்னாள். அவள் தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். அப்பாவுக்கு வண்ணாரப்பேட்டையில் மொத்த மளிகை. வேற நாளும் இப்படித்தான் நடக்கும் என்று இருவருக்குமே தெரிந்திருந்தது.

டீக்கடையில் உன்னிடம் சொன்னபோது நீ சிரிப்பாய் என்று எதிர்பார்த்தேன்.

"இன்னா வைத்தியம் அது? சுட்றாங்களா?"

விளக்கினேன்.

"அதாவது வூட்டுல ஷார்ட் சர்க்யூட். ஒயரக் கட் பண்ணி உடறான். இதுக்கா பேஜாராவுற?"

"சுடுறதுக்கு இல்லப்பா. குழாய்க்கு."

நீ டீயைக் கீழே வைத்தாய். "வெளிய யார் நின்னா?"

"ஒரு பொண்ணு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம்."

"கவுறு?"

"ஆஸ்பத்திரில ஏதுப்பா கயிறு?"

"பின்ன எப்டிக் கண்ணு உள்ள போவ? ஆளே நிக்காத டிரம்முல நான்கூடப் போவமாட்டேன்." அந்த ஆஸ்பத்திரியின் மேலேயே உனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாளிக்கு நான் வரேன்."

மறுநாள் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசையில் நின்றன. நம் ஆட்டோவும் நின்றது. நீ இறங்கிப் போய், முன்னால் இருந்த டிரைவரிடம், "நைனா, உள்ள ஹார்ட் பேஷண்ட் கீறாரு" என்றாய். "எனக்குந்தான் ஹார்ட் கீது, மூணு நாளா நிக்குது வண்டி" என்றார் அவர். உனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரி வரும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நான் சிரிக்கிற நிலைமையில் இல்லை. உன் தோளில் ஒரு பை இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

ஸ்கேன் அறை வாசலில் பையைத் திறந்தாய். பட்டறைக் கயிறு, முனையில் இரும்புக் கொக்கியோடு.

அந்தப் பெண் பதறி எழுந்தாள். "அய்யோ அண்ணாச்சி! இத உள்ள கொண்டுபோனா காந்தம் இழுத்து அவரு தலையில அடிச்சிரும்!"

"அப்ப நான் போறேன்மா உள்ள. கால் மாட்ல நின்னுக்கினு இவன் காலப் புடிச்சிக்கறேன்."

"சரி, நில்லுங்க. ஒடம்புல எங்கயாவது இரும்பு இருக்கா?"

உன் முகத்தில் ஒரு பெருமிதம் வந்தது. "எங்க இல்லன்னு கேளுமா."

கிரைண்டர் வேலையில் தெறித்து உள்ளே போனவற்றை வரிசையாகக் காட்டினாய். முழங்கை, தாடை, கட்டைவிரல். கடைசியில் இடது கண்ணைக் காட்டி, "இதுல ஒன்னு கீதுன்னு ஸ்டான்லி ஆஸ்பத்திரில சொன்னாங்க. எடுக்கல. அது பாட்டுக்கு கீது" என்றாய். அந்தப் பெண் உன்னைக் கதவிலிருந்து நாலடி பின்னால் நகர்த்தி நிறுத்தினாள். "அண்ணாச்சி, இந்தக் கதவு தாண்டுனிய, கண்ணு போயிரும். சத்தியமாச் சொல்லுதேன்."

உன் வாழ்க்கையில், நீ உள்ளே போகக்கூடாது என்று சொல்லப்பட்ட முதல் குழாய் அதுதான். உனக்கு அவமானமாக இருந்தது.

நான் வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன். உண்மையில் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "சுவத்துல அது இன்னா ஓட்டை?"

மயக்க மருந்துக் குழாய்களைக் கொண்டுபோகச் சுவரில் வைத்திருந்த சிறிய துவாரம் அது. காந்தம் இருந்த அறைக்கும் அவள் உட்காரும் அறைக்கும் நடுவில் இருந்தது. இரும்பில்லாத கயிறாக இருந்தால் அதன் வழியாக விடலாமா என்று கேட்டாய். அவள் முதலில் முடியாது என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் என்ன சொன்னாரோ, போனை வைத்துவிட்டு, "அசையாம இருப்பாருன்னா பூமாலை கட்டி இழுத்தாலும் எனக்குச் சம்மதம்ங்காரு" என்றாள்.

வார்டிலிருந்து கட்டுப்போடும் துணிச் சுருள்கள் வந்தன. நீ தாழ்வாரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூன்று பிரியாக முறுக்கிக் கயிறு திரித்தாய். போகிற வருகிற நர்சுகள் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று பார்த்தார்கள். ஒருவர் உன்னை மனநோய்ப் பிரிவு எங்கே என்று கேட்க வந்தவர் என்று நினைத்து வழி சொன்னார். நீ நன்றி சொன்னாய்.

என் இடது கணுக்காலில் அந்தக் கயிறு ஏறியது. மேஜை நகர்ந்து உள்ளே போனது. சுவர் வந்தது. என் மூச்சு என் முகத்தில் பட்டது. ரப்பர் பந்தை அழுத்தப் போனேன்.

காலில் ஒரு இழுப்பு.

நான் காலை அசைத்து ஒரு இழுப்பு கொடுத்தேன். பந்தை அழுத்தவில்லை.

சத்தம் தொடங்கியது. தகரக் கொட்டகையில் பத்துப் பேர் சுத்தியல் போடுவது போன்ற சத்தம். காதில் மாட்டியிருந்த குழாயில் அந்தப் பெண்ணின் குரல்: "மூச்ச இழுங்க. விடுங்க. இழுங்க. அப்படியே நிறுத்துங்க. அசையாதீய." நிறுத்தினேன். அப்போது காலில் ஒரு இழுப்பு. அசையக்கூடாது என்று சொல்லியிருந்தாள். நான் அறிவியலுக்குக் கட்டுப்பட்டேன். இரண்டாவது இழுப்பு. அப்போதும் கட்டுப்பட்டேன்.

கண்ணாடி வழியாக உனக்கு என் இரண்டு பாதங்கள்தான் தெரிந்தன. பாதத்தைப் பார்த்து ஒரு ஆள் உயிரோடு இருக்கிறானா என்று சொல்ல முடியாது. இரண்டு முறை கேட்டாயிற்று. பதில் இல்லை. நீ ஆயுசு முழுவதும் செய்ததைச் செய்தாய்.

என் இடது கால் மேஜையை விட்டுக் கிளம்பிச் சுவரை நோக்கிப் போனது. படம் எடுப்பதற்காக மார்பின் மேல் வைத்திருந்த கூடு சரிந்தது. நான் பாதி குழாய்க்குள்ளும் பாதி அந்தரத்திலுமாகக் கிடந்தேன். என் இதயத்தின் முதல் படம், பிறகு பார்த்தேன், மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி இருந்தது.

என்னைத் தூக்கி வைத்துவிட்டு அவள் வெளியே போனாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. எல்லாம் கேட்டது.

"அண்ணாச்சி, நீங்க என்ன கெணத்துல தண்ணி எறைக்கியளா?"

"பதிலே வர்லமா! நான் இன்னா பண்றது?"

"மூச்ச நிறுத்துனா பதில் வராது. பதில் வராம இருந்தாத்தான் படம் வரும்."

"எவ்ளோ நேரம்?"

"நான் சொல்லுத வரைக்கும்."

"அதுக்குள்ள அவனுக்கு எதுனா ஆச்சின்னா?"

"இந்தா, திரையில அவரு துடிப்பு ஓடுது. பாத்துக்கிட்டே நில்லுங்க."

நாற்காலி ஒன்று நகரும் சத்தம் கேட்டது. பிறகு, தாழ்ந்த குரலில், "இதுவா? இது இன்னாமா, இப்டி கலீஜா குதிக்குது?" என்றாய்.

"அதுக்குத்தான் அண்ணாச்சி வைத்தியம்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமேதான்."

அதற்குப் பிறகு நீ வாதாடவில்லை. புதிய ஏற்பாடு ஒன்று ஆனது. ஒவ்வொரு முறையும் மூச்சை நிறுத்துவதற்கு முன் நீ ஒரு இழுப்பு, நான் ஒரு இழுப்பு. பிறகு அவள் சொல்லும் வரை நீ கேட்கக்கூடாது. கயிற்றைத் தொய்ய விடவும் கூடாது, இழுக்கவும் கூடாது. முடிந்ததும் நீ ஒன்று, நான் ஒன்று.

மறுபடி உள்ளே போனேன். சுத்தியல்கள் தொடங்கின. மூச்சை நிறுத்தினேன். கணுக்காலில் கயிறு அப்படியே இருந்தது, ஒரு கை என் காலைத் தொட்டுக்கொண்டிருப்பது போல. மூக்குக்கு முன்னால் இருந்த சுவரை நான் பார்க்கவில்லை. கணுக்காலையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். இதயத்தைப் படம் எடுக்கும்போது ஒருவன் தன் காலைப் பற்றி மட்டுமே யோசித்தது மருத்துவ வரலாற்றில் அதுதான் முதல் முறையாக இருக்கும். எத்தனை முறை மூச்சை நிறுத்தினேன் என்று எண்ணவில்லை. எல்லா முறையும் நிறுத்தினேன்.

முடிந்ததும் நீ கயிற்றைப் பிரித்துத் துணியாகத் திருப்பிக் கொடுக்க வார்டுக்குப் போயிருந்தாய். அப்போது அந்தப் பெண் என்னிடம் சொன்னாள். "ஒங்க கூட வந்த அண்ணாச்சி இருக்காகளே, நான் ஒங்களுக்கு நிறுத்தச் சொல்லும்போதெல்லாம் அவுகளும் மூச்ச நிறுத்திக்கிட்டாக. ஒவ்வொரு தடவையும். கடைசித் தடவ முகமெல்லாம் செவந்து போச்சு. விடுங்க அண்ணாச்சி, ஒங்களுக்கு இல்லன்னு சொன்னேன். கேக்கல."

பட்டறைத் தூசி நிறைந்த நெஞ்சு உனக்கு. டீக்கடைப் படி ஏறினாலே இருமுகிறவன் நீ. திரும்பி வந்ததும், "இன்னா ரைட்டரே, அவ்ளோ சத்தமாமே, எனக்கு ஒன்னும் கேக்கல" என்றாய். கண்ணில் நீர் வர இருமினாய். நான் தண்ணீர் வாங்கி நீட்டினேன்.

படத்தை டாக்டர் திரையில் சுற்றிச் சுற்றிக் காட்டினார். இடது மேல் அறையும் அதற்குள் வந்து சேரும் குழாய்களும். எனக்கு நான்கு இல்லை, ஐந்து. வலப்பக்கத்தில் நடுவில் ஒன்று தனியாக வந்து சேர்ந்திருந்தது. "இது தெரியாம நாலைச் சுத்தி மட்டும் வேலி போட்டிருந்தா, இது வழியா திரும்ப வந்திருக்கும்" என்றார். நீ முன்னால் சாய்ந்து, "சார், ஆறாவது எதுனா கீதான்னு நல்லாப் பாத்துக்கோ. இவன் எதுலயும் எக்ஸ்ட்ரா பார்ட்டி" என்றாய். அவர் உண்மையிலேயே இன்னொரு முறை பார்த்தார்.

சுட்டார்கள். அந்தப் படத்தின் மேல் கம்பியின் நுனி நகர்ந்து நகர்ந்து ஐந்து வாய்களையும் சுற்றி வந்தது. நெஞ்சுக்குள் நடுவில் எங்கோ மிளகாய் கடித்தது போலச் சிறு எரிச்சல், பிறகு இல்லை. வெளியே கொண்டுவந்தபோது, "இன்னாபா, நின்னுச்சா?" என்று தாழ்வாரம் முழுவதும் கேட்கும்படி நீ கேட்டாய். பக்கத்துப் படுக்கைக்காரரின் உறவினர்கள் எழுந்து நின்றார்கள். கலாட்டாதான் நின்றது, இதயம் இல்லை என்று சரோஜா அவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது.

அதன்பிறகு நான் எந்தச் சொல்லையும் தொலைக்கவில்லை. பல ஆண்டுகளாக, தினமும் காப்பி என்று சரியாகச் சொல்லிக் கேட்டு வாங்கிக் குடிக்கிறேன். மனைவியின் பெயரையும் தவறாமல் சொல்லி அழைக்கிறேன். அவள் வரவில்லை என்றால் அது வேறு விஷயம். எழுதியவையும் கொஞ்சம் உண்டு. அவற்றைப் படித்தவர்களில் சிலர் டாக்டர் அவசரப்பட்டுவிட்டார் என்று நினைக்கக்கூடும்.

டீக்கடையில் நீ ஒரு புதுப் பழக்கம் வைத்துக்கொண்டாய். அரசியல் பேசிக்கொண்டே, என்னைப் பார்க்காமலே, என் மணிக்கட்டை எடுத்து விரலை வைத்துக்கொள்வாய். வாலிபக் காதலர்களைப் பார்ப்பது போலக் கடைக்காரர் நம்மைப் பார்ப்பார். உன் பேச்சு நிற்காது. கொஞ்ச நேரம் கழித்துக் கையைக் கீழே வைத்துவிட்டு, பேசிய வாக்கியத்தின் நடுவிலேயே, "ஒழுங்கா கீது" என்பாய். பிறகு தேர்தலில் யார் தோற்பார் என்பதைத் தவறாகச் சொல்லி முடிப்பாய்.

சில ஆண்டுகள் கழித்து உன் நெஞ்சு உன்னைக் கைவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் கால்மாட்டில் உட்கார்ந்து, கணுக்காலில் கை வைத்திருந்தேன். பார்க்க வந்தவர்கள் நான் உன்னிடம் ஆசி வாங்குவதாக நினைத்துத் தயங்கி நின்றார்கள். நீ கண்ணைத் திறந்து, "இஸ்துடாத, வலிக்கும்" என்றாய். நான் இழுக்கவில்லை. இழுத்து வெளியே எடுக்கிற இடமாகவும் அது இல்லை.

உன் கடைசி ஊர்வலத்தில் மேளக்காரர்கள் தெருவையே குலுக்கினார்கள். உன் மகன் அழுதுகொண்டே ஆடினான், வியாசர்பாடியிலிருந்து வந்த உன் மச்சான்கள் அழாமல் ஆடினார்கள். நான் ஓரமாக நடந்தேன். அத்தனை தாளம் மாறி மாறி அடித்த அந்தத் தெருவில் என் இதயம் மட்டும் கடிகாரம் போல ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. உனக்காகவாவது ஒரு அடி பிசகியிருக்கலாம். பிசகவில்லை. அவ்வளவு கவனமாகச் செய்யப்பட்ட வேலை.

நீ போன பிறகு ஒரு விஷயத்தைக் கவனித்தேன். டீ குடிக்கும்போது என் இடது கை தானாகவே வலது மணிக்கட்டுக்குப் போய்விடுகிறது. பேசிக்கொண்டிருந்தாலும் போகிறது. எதிரில் இருப்பவர்கள் எனக்கு ஏதோ அவசரம் என்று நினைத்துச் சீக்கிரம் எழுந்துவிடுகிறார்கள். இன்று மாலையும் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். பேச யாரும் இல்லை. கை போனது. நிதானமாக, நீ வைத்திருப்பாயே அவ்வளவு நேரம், விரலை வைத்துப் பார்த்தேன்.

ஒழுங்கா கீது.